ஒன்றரைப் பாட்டில் இஞ்சின்

நடந்தது இந்த வரிசையில்:

1. தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் நிலம் ஒதுக்கப்பட்ட ஒரு முன்னாள் ராணுவக்காரர், மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் அந்தமானில், பத்துபஸ்தியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்து தங்கினார். அவர்கள் தீவுக்குப் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள்.
2. காத்திருந்த நாட்களில் அவர் லம்பா லைனில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார்.
3. அதில் இருப்பது ஜப்பான் இஞ்சின் என்று எல்லோரும் சொன்னார்கள்.
4. ஜப்பான் இஞ்சினுக்குச் சாமான் கிடைக்காது என்று பஜாரில் உதிரிச் சாமான் கடைக்காரர் சொன்னார்.
5. சாமான் கிடைக்காத வண்டியை நம்பி அந்தத் தீவுக்கு வர மாட்டேன் என்று மனைவி சொன்னார்.
6. நான் ஒரு கந்தல் துணியை மண்ணெண்ணெயில் நனைத்தேன்.

முதல் ஐந்தும் நான் இல்லாமலே நடந்தவை. வேலி வழியாகக் கேட்டும், அம்மா சொல்லியும் தெரிந்துகொண்டேன். நான் அப்போது கட்டட வேலைகளைப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. மெயின்லேண்டில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தேன். கிடைத்த வேலையோ சுவர், கூரை, கழிவுநீர்க் குழாய். இஞ்சின் என்ற சொல் காதில் விழுந்தாலே தலையைத் திருப்பிப் பார்க்கும் நிலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு வண்டி, அதன் இஞ்சின் என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடஆற்காட்டுக்காரர். ராணுவத்தில் டெலிபோன் கம்பி இழுக்கும் பிரிவில் இருந்தவர். வண்டி ஓட்டத் தெரியும், திறந்து பார்க்கத் தெரியாது. அதை அவரே முதல் நாள் சொல்லிவிட்டார். கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன், இதில் எங்கே காதை வைப்பது என்றே தெரியவில்லை என்றார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அதிகம் பேசமாட்டார். குழந்தைக்கு இழுப்பு இருந்தது. மழை வந்தால் மூச்சில் விசில் கேட்கும். கேம்பல் பேயில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் ஜெட்டியிலிருந்து வெகுதூரத்தில், புதிதாகப் போட்ட சாலையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி ஜெட்டிப் பக்கம். ஊரில் இருந்தபோதே அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: சொந்தமாக வண்டி இருந்தால் வருவேன். அதற்காகத்தான் அண்ணன் பிக்கப் வாங்கினார். வாங்கிய மறுநாளே கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு முழுக்க எங்கள் சமையலறையில் கேட்டது.

“வண்டி ஓடுதில்ல? நேத்து நீயே ஏறி உக்காந்துக்கினு வந்தியே,” என்றார் அண்ணன்.

“இங்க ஓடுது. அங்க போய் நின்னா? நடுராத்திரி புள்ளைக்கு இழுத்துச்சுன்னா, நீ மெட்ராசுக்குத் தந்தி குடுத்து சாமான் வரவெச்சு மாட்டி, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவியா?”

அக்காவின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“நான் கோபத்துல சொல்லல. நீ போ. வீட்டைக் கட்டு. நான் அடுத்த மெட்ராஸ் கப்பல்ல ஊருக்குப் போறேன்.”

ஆக, இஞ்சின் எது என்ற கேள்விக்கு அடியில் வேறொன்று இருந்தது. கப்பல் அலுவலகத்தில் மூன்று பேர் பெயர் கொடுப்பதா, ஒருவர் பெயரா? கேம்பல் பேயில் உதிரிச் சாமான் கடை கிடையாது. போகும்போதே எடுத்துப்போக வேண்டும். எடுத்துப்போக, மெட்ராசிலிருந்து வர வேண்டும். வர, அங்கே கப்பல் கிளம்புவதற்குள் தந்தி போக வேண்டும். தந்தியில், இன்ன இஞ்சின் என்று எழுத வேண்டும். அதற்குச் சனிக்கிழமை வரைதான் நேரம்.

மறுநாள் அலுவலகம் முடிந்து வந்து பானட்டைத் திறந்தேன். அண்ணன் பிடித்துக்கொண்டார். அதைத் தாங்கும் கம்பி துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்திருந்தது. இந்த ஊரில் இரும்புக்கு ஆயுசு குறைவு.

பானட்டின் மேல் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர் புடைத்திருந்தது. உள்ளே இருந்த இஞ்சினுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவ்வளவு பெரிய பள்ளத்தில் அது சின்னதாக, பெரியவர் சட்டை போட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத் தாங்கும் இரும்புத் துண்டுகள் உள்ளூர்ப் பட்டறையில் வெட்டி ஒட்டியவை. நான்கு சிலிண்டர். பிளக் நான்கும் வலப்பக்கம், கார்ப்பரேட்டர் இடப்பக்கம். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே. நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும். மேலிருந்து அடிவரை எல்லாம் ஒரே கறுப்பு.

ஜப்பான்காரர்கள் மில்லிமீட்டரில் செய்வார்கள் என்று எனக்குப் பாடம். என்னிடம் படிக்கும்போது வாங்கிய மரை அளக்கும் சீப்பு ஒன்று இருந்தது. பல் பல்லாக இருக்கும் மெல்லிய தகடுகள். ஒரு போல்டைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். அங்குலக் கணக்குத் தகடு கச்சிதமாக உட்கார்ந்தது.

“அண்ணா, இது ஜப்பான் இல்லன்னு நினைக்கிறேன்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அது பாதி நாள்தான் நீடித்தது. பஜார்க் கடைக்காரர், போருக்கு முன்னால் ஜப்பான்காரர்கள் அமெரிக்க இஞ்சினைப் பார்த்து அப்படியே செய்தார்கள், மரை உட்பட, என்று சொல்லி அனுப்பினார். அவர் ராமநாதபுரம் பக்கத்து ராவுத்தர். அவருடைய அண்ணன் மெட்ராசில் பழைய இரும்பு வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கடைக்காரர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. அங்குலம் என்பது ஜப்பான் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

மேலும் இந்த ஊரில் ஜப்பான் என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. போரின்போது ஜப்பான் ராணுவம் இங்கே இருந்து ஆண்டது. பழைய ஆட்கள் வயது சொல்லும்போதுகூட ஜப்பான் காலத்துக்கு முன், பின் என்றுதான் சொல்வார்கள். கடற்கரையில் பங்கர் இருக்கிறது. மண்ணைத் தோண்டினால் ஏதாவது துருப்பிடித்த இரும்பு கிடைக்கிறது. அதனால் ஒரு பழைய கறுப்பு இஞ்சினை ஜப்பான் என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓகோ அப்படியா என்று அடுத்த ஆளிடம் சொல்லப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்தக் கறுப்புதான் உறுத்தியது. இஞ்சினுக்குக் கம்பெனியில் அடிக்கும் பெயிண்ட் சூட்டில் வெந்து வெந்து உரிந்து போகும். இது அப்படி இல்லை. சூடு அதிகம் படும் இடங்களில் இளகி வழிந்து, மறுபடி இறுகி, நுனியில் சொட்டாக நின்றது. நகத்தால் கீறினால் வழவழவென்று வந்தது. எங்கேயோ பார்த்த கறுப்பு. கந்தலை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். துணி முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்தது. முகர்ந்தேன். தார் வாசனை.

எங்கே பார்த்தேன் என்று அப்போது நினைவு வந்தது. எங்கள் அலுவலகத்தில் நான் வாரம் ஒருமுறையாவது நகல் எடுக்கும் வரி அது: இரும்புக் குழாய்க்கும் கிராதிக்கும் பிளாக் ஜப்பான், இரண்டு பூச்சு. தார் கலந்த மலிவான கறுப்புப் பெயிண்ட். உப்புக் காற்றுக்கு எங்கள் அலுவலகம் அதைத்தான் நம்பியிருந்தது. பெயிண்டர்கள் பிளாக் என்பதை விட்டுவிட்டு வெறும் ஜப்பான் என்பார்கள். கழிவுநீர்க் குழாய் துருப்பிடிக்கிறது என்று புகார் வந்தால் மேஸ்திரி சொல்வார்: ‘ஜப்பான் மார் தோ.’ ஜப்பானை அடித்துவிடு. நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்; ஒருமுறைகூட அந்த நாடு என் நினைவுக்கு வந்ததில்லை.

“அண்ணா, வண்டியை வித்தவர் உங்ககிட்ட சரியா என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையே வேணும்.”

“ஜப்பான் இஞ்சின்னு சொன்னாரு.”

“தமிழ்லயா?”

“அவருக்கு ஏதும்மா தமிழ்? இந்தியிலதான். இஞ்சின்ல ஜப்பான் மாட்டியிருக்குதுன்னாரு. எனக்கு இந்தி தெரியாதா? இருபது வருசம் இந்தியிலயே திட்டு வாங்கினவன் நான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே வண்டியில் லம்பா லைனுக்குப் போனோம். அக்காவும் குழந்தையுடன் ஏறிக்கொண்டார். ஏன் என்று சொல்லவில்லை. வண்டியை விற்றவர் அந்தமானிலேயே பிறந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிரைவர். விற்ற வண்டி திரும்பி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பணத்தைத் திருப்பிக் கேட்க வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கத்தான் வந்தோம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் நாற்காலி வந்தது.

“சாச்சா, இந்த இஞ்சினைப் பற்றி அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?” என்று இந்தியில் கேட்டேன்.

“இஞ்சின் மே ஜப்பான் லகா ஹை. யஹீ போலா தா.” இதையேதான் சொன்னேன் என்றார்.

லகா ஹை என்றால் மாட்டியிருக்கிறது என்றும் சொல்லலாம், பூசியிருக்கிறது என்றும் சொல்லலாம். இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் சொன்னது சரிதானே என்பது போல. நான் கறுத்த கந்தலை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினேன்.

“இந்த ஜப்பானா, சாச்சா?”

“ஔர் கௌன்ஸா?” வேறு எந்த ஜப்பான் என்று கேட்டார்.

கேட்டுவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில்தான் நிறுத்தினார். ஜப்பான் ராணுவம் இங்கே இருந்த காலத்தில் எனக்குச் சாப்பிடக் கிழங்கே கிடைக்கவில்லை, இஞ்சினைக் கொடுத்துவிட்டுப் போவார்களா என்றார். உப்புக் காற்று அரிக்காமல் இருக்க வருடா வருடம் தீபாவளிக்கு வீட்டு ஜன்னல் கம்பியோடு சேர்த்து இஞ்சினுக்கும் ஜப்பான் அடிப்பாராம். வாங்குபவரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி என்பதற்காக.

“ஃபௌஜி பாயி கோ லகா டோஜோ நே பேஜா ஹை,” என்று அண்ணனைக் காட்டிச் சொல்லி மறுபடி இருமினார். போர்க்கால ஜப்பான் பிரதமர் டோஜோவே இஞ்சினை அனுப்பிவைத்தார் என்று ராணுவக்காரர் நினைத்துவிட்டாராம். அண்ணனும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“சரி, ஜப்பான் இல்ல. அப்ப என்ன?” என்றார்.

அது பெரியவருக்கும் தெரியவில்லை. பழைய அமெரிக்க இஞ்சின் வெடித்த பிறகு, ஏலத்தில் ஒரு நொறுங்கிய காரிலிருந்து இதை எடுத்து மாட்டியிருக்கிறார். யாரோ ஒரு சாகிப்பின் கார். முன்பக்கம் நசுங்கியிருந்ததால் பெயரைப் பார்க்கவில்லை. சின்ன காரா பெரிய காரா என்று கேட்டேன். நசுங்கிய பிறகு எல்லாம் சின்ன கார்தான் மகளே என்றார்.

திரும்பும் வழியில் பஜாரில் இறங்கி, நான் பார்த்ததையெல்லாம் கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிளக் எந்தப் பக்கம், கார்ப்பரேட்டர் எந்தப் பக்கம், தண்ணீர் பம்ப் எங்கே. அவர் கடையை விட்டு இறங்கிவந்து பானட்டுக்குள் தலையை விட்டார். என் கந்தலை வாங்கி அவரே கொஞ்சம் தேய்த்தார். நிமிர்ந்தபோது மூக்கில் கறுப்பு.

“ஏம்மா, இதை நான் கல்கத்தாவுல டாக்ஸிக்குள்ள நூறு தடவை பாத்திருக்கேன். நம்ம நாட்டுல ஓடுற காரு இஞ்சின்தானே இது. இந்தக் கறுப்பைப் பூசிக்கிட்டு கெடந்தா யாருக்குத் தெரியும்?”

அண்ணன் பெருமூச்சு விட்டார். கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்க தம்பி. இதுல ரெண்டு இருக்கு. சீமையிலேருந்து வந்த காருல ஆயிரத்தி எரநூறு சி.சி. இங்க செஞ்ச காருல ஆயிரத்தி ஐநூறு. வெளியிலேருந்து பாத்தா அண்ணன் தம்பி, வித்தியாசமே தெரியாது. உள்ள சிலிண்டரு அகலம் வேற. கேஸ்கட்டு வேற, பிஸ்டன் வேற, ரிங்கு வேற. எதுன்னு சொல்லுங்க, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மெட்ராஸ்ல எங்க அண்ணனுக்குத் தந்தி அடிக்கிறேன். ரெண்டையும் அனுப்பச் சொன்னா அவரு என்னைத்தான் திருப்பி அனுப்புவாரு.”

நம்பர் தகடு இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. தகடு இல்லை. சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பு எழுத்து ஏதாவது இருக்கும் என்று வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயோடு படுத்துத் தேய்த்தேன். வார்ப்பு எண் ஒன்று கிடைத்தது. ஆனால் அது எந்த இஞ்சினுக்கு உரியது என்று சொல்லும் புத்தகம் கையில் இல்லாதவரை, அது வெறும் எண்தான்.

சிலிண்டரின் அகலத்தை அளக்க, அதன் மேல் மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கட் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கும். வருடக்கணக்காகச் சூட்டில் நசுங்கிக் கிடந்ததை ஒருமுறை எடுத்தால் மறுபடி போடுவதற்கு உத்தரவாதம் இல்லை. புதியது ஊரில் இல்லை. எந்தக் கேஸ்கட் வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக இருக்கிற கேஸ்கட்டைக் கிழிக்க வேண்டும். வண்டி ஜெட்டிவரைகூடப் போகாது.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அரிசி, சர்க்கரை வரும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்போம் என்றார், சும்மா பேச்சுக்கு. நான் ரசத்தைக் கீழே வைத்தேன். பிரிக்காமல் அளக்கலாம். அகலம் தெரிய வேண்டியதில்லை, கொள்ளளவு தெரிந்தால் போதும். பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றலாம்.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போனேன். ஏற்பாடு இது. பிளக் துளை மேலே இருக்கும்படி வண்டியின் வலப்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். துளை வழியாக விளிம்பு வரை எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் மேலே வரும். வழிந்து வெளியே வரும் எண்ணெய்தான் அந்தச் சிலிண்டரின் அளவு. நான்கால் பெருக்கினால் இஞ்சினின் அளவு.

அளக்கத்தான் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் சிமெண்டு அளக்கும் பெட்டி இருக்கிறது, எண்ணெய் அளக்க எதுவும் இல்லை. அக்கா உள்ளே போய்க் குழந்தையின் பால் பாட்டிலைக் கொண்டுவந்தார். கண்ணாடி பாட்டில், பக்கவாட்டில் கோடு கோடாக இருநூற்றைம்பது வரை அளவு.

“ஐயோ, புள்ளையோடது அக்கா.”

“இன்னொண்ணு இருக்குது. இது இனிமே இதுக்குத்தான்.”

கணக்கு சொன்னேன். சின்ன இஞ்சின் என்றால் ஒரு சிலிண்டர் ஒரு பாட்டிலும் இன்னும் ஐம்பதும் குடிக்கும். பெரிய இஞ்சின் என்றால் ஒன்றரைப் பாட்டில். அக்கா தலையாட்டினார். அவருக்கு அந்தக் கணக்கு என்னைவிட வேகமாகப் புரிந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்தே நாட்களை ஓட்டியவர்.

பிளக் துளையில் பென்சிலை விட்டுப் பிஸ்டன் இறங்குவதைப் பார்த்து, எண்ணெய் ஊற்றினோம். அண்ணன் ஹேண்டிலைச் சுற்றினார். வழிந்ததை எனாமல் தட்டில் பிடித்துப் பாட்டிலில் ஊற்றினேன். ஒரு பாட்டில் நிறைந்தது. மறுபடி ஊற்றினால் நாற்பது, நாற்பத்தைந்து.

“சின்னது,” என்றார் அண்ணன். “ஆயிரத்தி எரநூறு. முடிஞ்சுது. சைக்கிளைக் குடு தங்கச்சி, கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். நான் பிளக் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஊற்றி முடித்த பிறகு, சுற்றுவதற்கு முன்னால், துளையில் மட்டம் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்திருந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் இறங்கும். ஆனால் இது அதைவிட வேகம்.

“ஏங்க,” என்றார் அக்கா. “அந்தப் பொண்ணு இன்னும் முடிஞ்சுதுன்னு சொல்லல.”

அண்ணன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

நான் குனிந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். தாழ்ந்திருந்த இடப்பக்கத்தில் கார்ப்பரேட்டரின் வாயிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்கும்போது காற்று உள்ளே வரும் வால்வு இன்னும் முழுக்க மூடியிருக்காது. படித்ததுதான். பரீட்சையில் படம்கூடப் போட்டிருக்கிறேன். ஊற்றிய எண்ணெயில் ஒரு பங்கு அந்த வழியே ஓடிவிட்டது.

மேல்மூடியைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் கைகளின் திருகைத் தளர்த்திவிட்டேன். இப்போது இரண்டு வால்வும் என்ன ஆனாலும் மூடியே இருக்கும். மறுபடி ஊற்றினோம். மட்டம் நின்றது. அண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, இந்த முறை குழந்தையைத் தொட்டில் ஆட்டுவது போல ஹேண்டிலைச் சுற்றினார்.

தட்டு நிறைந்தது. அக்கா தாமே பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டில். அதை டப்பாவில் கொட்டிவிட்டு மறுபடி. நூற்றிருபத்தைந்துக்கு ஒரு நூல் கீழே நின்றது.

உறுதி செய்துகொள்ள நான்காவது சிலிண்டரையும் அளந்தோம். அதே கோடு.

“எம் புள்ள முக்கி முக்கி முக்கால் பாட்டில் குடிக்கும்,” என்றார் அக்கா. “இது ஒன்றரை குடிக்குது. அப்ப பெருசுதானே?”

“பெருசுதான் அக்கா. ஆயிரத்தி ஐநூறு.”

“கல்கத்தா டாக்ஸியில இருக்கறது.”

“அதேதான்.”

“எல்லா ஊர்லயும் சாமான் கெடைக்கிறது.”

“கேம்பல் பேயில கிடைக்காது அக்கா. மெட்ராஸ்லயும் கல்கத்தாவுலயும் கிடைக்கும். இப்பவே வாங்கிக் கையில வச்சுக்கிட்டாத்தான் உண்டு.”

அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவரும் மறைத்துச் சொல்வதைக் கேட்க வந்தவர் அல்ல. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

“தந்தி குடுத்துட்டு, அப்படியே கப்பல் ஆபீசுக்கும் போய் வந்துடு. மூணு பேருன்னு சொல்லு.”

அண்ணன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். “கைக்குழந்தைக்கு டிக்கெட் கெடையாதுமே,” என்றார் கடைசியில். இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவருக்கு அந்த நேரத்தில் சொல்வதற்குக் கிடைத்தது அதுதான்.

“பேரு எழுதுவாங்கல்ல. எழுதட்டும்.”

சைக்கிள் போன பிறகு, தளர்த்திய திருகுகளைத் திரும்பச் சரிசெய்தேன். பிளக் துளைகளில் துணியைப் போட்டு ஹேண்டிலைச் சுற்றி மிச்ச எண்ணெயை வெளியேற்றினோம். அப்படியும் வண்டியை ஸ்டார்ட் செய்தபோது பத்துபஸ்தி முழுக்க வெள்ளைப் புகை. விமானத்தளம் பக்கத்தில் என்பதால், விமானம் எதுவும் இறங்கும் நேரமில்லையே என்று எதிர்வீட்டு வங்காளிப் பெரியவர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

மெட்ராஸ் கப்பலில் சாமான் வந்தது. கடைக்காரரின் அண்ணன் ஒரு கேஸ்கட் செட்டும், பிஸ்டன் ரிங்குகளும், பிளக்குகளும், கேட்காமலேயே ஒரு தண்ணீர் பம்பும் அனுப்பியிருந்தார். கேஸ்கட்டை இஞ்சினின் மேல் வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் தகட்டில் இருந்த வட்டத் துளையின் அகலத்தை அளந்து பரப்பைக் கணக்கிட்டு, அன்று பென்சிலில் குறித்துவைத்த பிஸ்டன் ஏற்றத்தோடு பெருக்கிப் பார்த்தேன். ஒன்றரைப் பாட்டிலுக்குச் சற்று மேலே வந்தது. கேஸ்கட்டின் துளை சிலிண்டரைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். திருப்தியாக இருந்தது.

ஜெட்டியில் கிரேன் பிக்கப்பை வலையில் தூக்கும்போது நானும் இருந்தேன். சக்கரம் தரையை விட்டதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா மூடவில்லை. வண்டி கப்பலின் மேல்தளத்தில் இறங்கிக் கட்டப்படும்வரை அண்ணாந்தே இருந்தார். கிளம்பும்போது என்னிடம், அடுத்த தீபாவளிக்கு இஞ்சினுக்கு என்ன பூசுவது என்று கேட்டார். ஒன்றும் பூசாதீர்கள், வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், எழுத்தெல்லாம் தெரியட்டும் என்றேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேம்பல் பேயிலிருந்து வருகிறவர்களிடம் அக்கா செய்தி சொல்லி அனுப்புகிறார். இன்றைய நிலை இது. வண்டி ஓடுகிறது. பிளக்குகள் மாற்றியாகிவிட்டது. தண்ணீர் பம்ப் போன மழையில் தேவைப்பட்டது. அளவு சரியாக இருந்தது. கேஸ்கட் செட் இன்னும் பிரிக்கப்படாமல் கூரைச் சட்டத்தில் தொங்குகிறது. குழந்தைக்கு இழுப்பு நிற்கவில்லை. இரண்டு முறை ராத்திரியில் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார்கள். அக்கா அங்கேயேதான் இருக்கிறார். வண்டிக்கு அந்தத் தீவில் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ஜப்பான்.